கைப்பேசிச் செயலியை மேகத் தரவுத்தளத்துடன் நேரடியாக இணைக்கலாமா? (தறிக் கூலிக் கணக்குச் செயலி, ஃபிளட்டர்)

பல்லடம் பாவு

அனைவருக்கும் வணக்கம். பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் கூலிக்குத் தறி ஓட்டுபவர்களிடம் பாவு நூலைக் கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெறும் ஒரு ஜவுளி உற்பத்தியாளருக்காகச் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். எந்தத் தறிக்கூடத்துக்கு எத்தனை பாவு போனது, எத்தனை மீட்டர் துணி வந்தது, எவ்வளவு கூலி பாக்கி நிற்கிறது என்பதை ஊர் ஊராகச் சென்று வரும் மேற்பார்வையாளர்கள் கைப்பேசியிலேயே பதிய வேண்டும். உரிமையாளரிடம் ஐபோனும் மற்றவர்களிடம் ஆண்ட்ராய்டும் இருப்பதால், இரண்டுக்கும் ஒரே நிரலாக முடித்துவிடலாம் என்று ஃபிளட்டரைத் தேர்ந்தெடுத்தேன்.

தரவுத்தளம், மோங்கோடிபி அட்லஸ் என்ற மேகச் சேவையின் இலவச எம்0 கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுதி), மும்பை ரீஜியன். ஃபிளட்டரின் நிரல்மொழியான டார்ட்டுக்குரிய மோங்கோ டார்ட் தொகுப்பைச் சேர்த்து, இணைப்புச் சரத்தை (முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய வரி) செயலிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கேபிளில் என் கைப்பேசியை இணைத்து ஓட்டும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ரிலீஸ் ஏபிகே (வெளியே கொடுப்பதற்கான ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) ஆக்கி மேற்பார்வையாளர்களின் கைப்பேசிகளில் ஏற்றினால் மட்டும், ‘ஃபெயில்டு ஹோஸ்ட் லுக்அப்’, எர்னோ 7 என்று நின்றுவிடுகிறது. அட்லஸின் ஐபி அனுமதிப் பட்டியலில் 0.0.0.0/0 (எந்த முகவரியிலிருந்தும் வரலாம்) கொடுத்த பிறகும் மாற்றமில்லை. இதைச் சரிசெய்வது எப்படி என்பதும், இப்படி நேரடியாக இணைப்பது முறைதானா என்பதும் என் கேள்விகள்.

மஞ்சள் மாநகர்

முதல் கேள்விக்கான விடை எளிது, தம்பி. ஃபிளட்டர் திட்டத்தின் ஆண்ட்ராய்டு கோப்புறையில், செயலிக்கு வேண்டிய அனுமதிகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு மூன்று இடங்களில் இருக்கும்: மெயின், டீபக், ப்ரொஃபைல். ஹாட் ரீலோடு (மாற்றிய நிரலை ஓடும் செயலியிலேயே உடனே காட்டும் வசதி) வேலை செய்யக் கணினியுடன் பேச வேண்டியிருப்பதால், டீபக், ப்ரொஃபைல் இரண்டிலும் இன்டர்நெட் பெர்மிஷன் வரியை ஃபிளட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. மெயினில் அந்த வரி இருக்காது. நாம்தான் சேர்க்க வேண்டும். ரிலீஸ் ஏபிகே மெயினை மட்டுமே எடுத்துக்கொள்வதால், உங்கள் செயலி இணைய அனுமதியே இல்லாமல் வெளியே போயிருக்கிறது. அனுமதி இல்லாத செயலிக்குப் பெயரிலிருந்து முகவரியைக் கண்டறியும் முதல் படியே தோற்றுவிடும் என்பதால்தான், அட்லஸில் கோளாறு இருப்பதுபோல் அந்தப் பிழைச்செய்தி தோன்றுகிறது. உண்மையில் உங்கள் கோரிக்கை கைப்பேசியைத் தாண்டவே இல்லை.

பல்லடம் பாவு

மிக்க நன்றி அண்ணா. வரியைச் சேர்த்ததும் இணைந்துவிட்டது.

நொய்யல்கரை

இணைந்துவிட்டது என்பதால் இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது.

ஏபிகே என்பது ஒரு ஜிப் கோப்பு. அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றி விரித்துப் பாருங்கள். உள்ளே லிப் கோப்புறையில், அதற்குள் ஆர்ம்64-வி8ஏ என்ற உட்கோப்புறையில் லிப்ஆப்.எஸ்ஓ என்றொரு கோப்பு இருக்கும். நீங்கள் எழுதிய டார்ட் நிரல் முழுவதும் தொகுக்கப்பட்டு அதற்குள்தான் இருக்கிறது. லினக்ஸில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை அதன்மேல் ஓட்டி, வரும் வரிகளில் ‘மோங்கோடிபி’ என்று தேடினால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிளஸ்டர் முகவரியும் ஒரே வரியில் வந்து நிற்கும். அப்ஃபஸ்கேட் விருப்பத்தைச் சேர்த்துத் தொகுத்தாலும் வகுப்பு, செயல்கூறு பெயர்கள்தான் மாறும். சரங்கள் அப்படியேதான் இருக்கும். ‘டாட் என்வ் கோப்பில் (கடவுச்சொற்களை நிரலுக்கு வெளியே வைக்கும் கோப்பு) வைத்திருக்கிறேன்’ என்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஃபிளட்டர் டாட்என்வ் தொகுப்புக்கு அந்தக் கோப்பை அசெட்டாகச் சேர்த்தாக வேண்டும் என்பதால், ஏபிகேயை விரித்தவுடன் ஃபிளட்டர் அசெட்ஸ் கோப்புறையில் அது வெறும் உரைக்கோப்பாகவே கிடைக்கும். சர்வர் பக்கத்தில் நல்ல பழக்கமாக இருக்கும் டாட் என்வ், கைப்பேசிக்குள் போனால் எந்தக் காவலும் தருவதில்லை.

அந்தச் சரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு உங்கள் செயலியே தேவையில்லை. தரவைத் திறந்து பார்க்கும் கருவியான மோங்கோடிபி கம்பஸில் ஒட்டினால், எல்லாத் தறிக்கூடங்களின் கணக்கையும் படிக்கலாம், திருத்தலாம், கலெக்‌ஷனையே நீக்கலாம். ஐபி பட்டியலால் இதைத் தடுக்கவும் வழியில்லை. கைப்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதாலும், அந்த முகவரியும் மாறிக்கொண்டே இருப்பதாலும், 0.0.0.0/0 என்று கதவை முழுதாகத் திறந்தால்தான் நேரடி இணைப்பு ஓடும்.

கோபிக்காரன்

அண்ணா சொல்வது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். இங்கே மொத்தமே சில மேற்பார்வையாளர்கள். செயலி பிளே ஸ்டோரிலும் இல்லை, வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப்படுகிறது. தறிக் கணக்கை யார் வந்து உடைக்கப் போகிறார்கள்? இதற்காகத் தனியாக ஒரு சர்வர் வைத்து, அதற்கு மாதவாடகை கட்டி, பராமரிப்புக்கும் ஆள் பார்ப்பது சிறு உற்பத்தியாளருக்கு வீண் சுமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நொய்யல்கரை

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து உடைப்பார் என்ற அச்சத்தில் நான் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே எத்தனை கைகளுக்குப் போகும் என்று அனுப்பியவருக்கே தெரியாது. இன்று இவரிடம் இருக்கும் மேற்பார்வையாளர் அடுத்த மாதம் மங்கலத்தில் வேறொரு உற்பத்தியாளரிடம் சேரலாம். அவர் கைப்பேசியில் உங்கள் கடவுச்சொல்லும் கூடவே போகிறது. அவருக்கு மட்டும் அனுமதியை நிறுத்த வழியில்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே தரவுத்தளப் பயனராகத்தான் உள்ளே வருகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றினால் அத்தனை கைப்பேசிகளிலும் ஒரே நாளில் புதிய ஏபிகே ஏற்ற வேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இது கூலிக் கணக்கு. மீட்டருக்கு எத்தனை பைசா, எத்தனை மீட்டர் என்பதில் தறிக்காரருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே பேச்சு வரும்போது, இந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்று காட்ட முடிய வேண்டும். எல்லோரும் ஒரே பயனராக நுழையும் தரவுத்தளத்தில் அதைக் காட்ட இயலாது. நோட்டில் எழுதிய காலத்தில் கையெழுத்தாவது மிஞ்சியது.

ஆனைமலை அடிவாரம்

பாதுகாப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் நேரடி இணைப்பு கைப்பேசிக்கு ஒத்துவராது. தரவுத்தள டிரைவர்கள் (தரவுத்தளத்துடன் பேசும் நிரல் தொகுப்புகள்), நிலையான வலையமைப்பில் நெடுநேரம் ஓடும் சர்வரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒருமுறை இணைந்தால் அந்த இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைப்பேசியோ வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கும், ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. திரை அணைந்தால் செயலியை இயங்குதளம் தூங்க வைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பழைய இணைப்பு முறையாக மூடப்படாமல் சர்வர் பக்கத்தில் உயிருள்ளதாகவே எண்ணப்பட்டுக் கிடக்க, செயலி புதிதாக ஒன்றைத் திறக்கும். எம்0 கிளஸ்டருக்கு வரம்பு 500 இணைப்புகள். கிளஸ்டரில் மூன்று நோடுகள் இருப்பதால் ஒரு கைப்பேசி ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைத் திறக்கக்கூடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இயல்பான வரம்பு 100 மட்டுமே. அங்கே ஒவ்வொரு இணைப்பும் தனியொரு ப்ராசஸ் என்பதால் நினைவகமும் கரையும்.

கூடவே ஒரு சிறு தொல்லை: மோங்கோடிபியும் போஸ்ட்கிரெஸும் பயன்படுத்தும் 27017, 5432 போன்ற போர்ட்டுகளைச் சில அலுவலக வைஃபைகள் அடைத்து வைத்திருக்கும். எச்டிடிபிஎஸ் வழியாகப் போனால் அதற்கான 443 எங்கும் திறந்திருக்கும்.

கோபிக்காரன் தம்பி சொல்லும் செலவுக் கவலை நியாயமானது. ஆனால் நடுவில் ஓர் அடுக்கு வேண்டும் என்பதற்கு, நாமே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று பொருளில்லை.

பல்லடம் பாவு

அட்லஸ் தரும் டேட்டா ஏபிஐ (ஏபிஐ என்றால் செயலியின் கோரிக்கையை வாங்கித் தரவுத்தளத்திடம் பேசும் இடைமுகம்), ரியல்ம் ஒத்திசைவு ஆகியவற்றைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று சில பயிற்சிக் காணொளிகளில் பார்த்தேன். அது போதுமா அக்கா?

மஞ்சள் மாநகர்

அக்காவுக்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளிகள் காலாவதியானவை. அட்லஸ் டிவைஸ் சிங்க் (நீங்கள் சொல்லும் ரியல்ம் ஒத்திசைவு), டேட்டா ஏபிஐ இரண்டையும் கைவிடுவதாக 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 30 உடன் சேவை நின்றது. இப்போது மோங்கோடிபியிலேயே தொடர வேண்டுமானால், எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற நிரல் கட்டமைப்பு ஒன்றில் ஒரு சிறு ஏபிஐயை நீங்களே எழுதி எங்காவது ஓட்ட வேண்டும். அதை இலவசமாக ஓட்டித் தரும் இடங்களில் சில, கொஞ்ச நேரம் கோரிக்கை வராவிட்டால் நிரலைத் தூங்க வைத்துவிடும். காலையில் முதலில் திறக்கும் மேற்பார்வையாளர் திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆனைமலை அடிவாரம்

உங்கள் தரவின் வடிவத்தைப் பார்த்தால் எனக்கு மோங்கோடிபியே தேவையற்றதாகத் தெரிகிறது. உற்பத்தியாளர், தறிக்கூடம், பாவு, துணி வரவு, கூலி விகிதம் என்று ஒன்றோடொன்று கோத்த அட்டவணைகள். இது போஸ்ட்கிரெஸுக்கே உரிய வேலை. சுபாபேஸ் போன்ற சேவையில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அதன் முன்னால் ஓர் ஏபிஐயும் பயனர் உள்நுழைவும் ஒன்றாகவே கிடைக்கின்றன. மும்பை ரீஜியனும் உண்டு.

இங்கே எல்லோரும் இடறும் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுபாபேஸ் உங்களுக்கு இரண்டு சாவிகளைத் தரும். ஆனான் கீ, புதிய பெயரில் பப்ளிஷபிள் கீ, செயலிக்குள் இருப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. நொய்யல்கரை அண்ணா சொன்ன முறையில் யாராவது அதைத் தோண்டி எடுத்தாலும் கவலையில்லை. சர்வீஸ் ரோல் கீயோ எல்லாக் காவல்களையும் தாண்டிச் செல்லும். அது எந்தக் காரணத்துக்காகவும் கைப்பேசிக்குள் போகக் கூடாது. முதல் சாவி வெளியே தெரிவதால் தீங்கில்லை என்பது, ரோ லெவல் செக்யூரிட்டி என்னும் வரிசைநிலைக் காவலை (எந்த வரியை யார் பார்க்கலாம், எழுதலாம் என்ற விதிகள்) நீங்கள் ஒழுங்காக எழுதியிருந்தால் மட்டுமே உண்மை. டாஷ்போர்டின் டேபிள் எடிட்டரில் அட்டவணை உருவாக்கினால் அந்தக் காவல் தானே இயக்கத்தில் இருக்கும். எஸ்க்யூஎல் கட்டளை எழுதி உருவாக்கினால் நாமே இயக்க வேண்டும். மறந்தால் அந்த ஆனான் கீயை வைத்திருக்கும் யாரும் அட்டவணை முழுவதையும் படிக்கலாம்.

இயக்கிவிட்டு விதி எதுவும் எழுதாவிட்டால், படிக்கும்போது பிழை வராது. வெற்றுப் பட்டியல்தான் வரும். ‘தரவு எங்கே போயிற்று’ என்று அரைநாள் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். எழுதும்போது மட்டும் 42501 என்ற பிழை எண் வரும். இன்னொரு மறைவான ஓட்டை வியூக்களில் (அட்டவணைகளிலிருந்து திரட்டிக் காட்டும் சேமித்த வினவல்கள்) இருக்கிறது: நிலுவைக் கூலியைக் காட்ட ஒரு வியூ எழுதினால், அது தன்னை உருவாக்கியவரின் அதிகாரத்தில் ஓடுவதால் அட்டவணையின் காவல் அங்கே செல்லாது. போஸ்ட்கிரெஸ் 15 முதல், கேட்பவரின் அதிகாரத்திலேயே ஓட வைக்கும் ‘செக்யூரிட்டி இன்வோக்கர்’ என்ற விருப்பத்தை அந்த வியூவுக்குக் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு மேற்பார்வையாளர் தன் வட்டாரத் தறிக்கூடங்களை மட்டும் பார்க்கலாம், துணி வரவைச் சேர்க்கலாம், ஆனால் திருத்தவோ நீக்கவோ கூடாது என்பதெல்லாம் தரவுத்தளத்தின் விதியாகவே எழுதப்பட வேண்டும். செயலியில் பொத்தானை மறைப்பது காவல் ஆகாது. கூலிக் கணக்கீட்டையும் கைப்பேசியில் செய்யாதீர்கள். கூலி விகிதத்தை ‘எந்த நாள் முதல்’ என்ற தேதியுடன் தனி அட்டவணையில் வைத்து, தரவுத்தளச் செயல்கூறு ஒன்றில் கணக்கிடுங்கள். புதிய கூலி ஒப்பந்தம் வரும்போது பழைய ஏபிகே வைத்திருப்பவரும் புதியது வைத்திருப்பவரும் வெவ்வேறு தொகையைக் காட்டினால், தறிக்காரர் முன்னால் நிற்கப்போவது மேற்பார்வையாளர்தான்.

கோபிக்காரன்

இதை ஏற்கிறேன் அக்கா. சர்வர் பராமரிப்பு இல்லை என்றால் என் மறுப்பும் இல்லை. கூகுளின் மேகத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரும் இதே வேலையைச் செய்யுமே?

ஆனைமலை அடிவாரம்

செய்யும். அங்கேயும் விதிகள்தான் காவல். ‘டெஸ்ட் மோடு’ என்று தொடங்கினால் 30 நாள்களுக்கு யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற விதியுடன் திறக்கும் என்பதை மறக்கக் கூடாது. இணைப்பு இல்லாதபோது தரவைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் இயல்பாகவே இயங்குவது அதன் பெரிய பலம். கட்டணம் வாசிக்கும் ஆவணங்களின் எண்ணிக்கைப்படி என்பதால் (இலவச வரம்பு நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு), மாதக் கடைசியில் எல்லா வரவையும் திரட்டி அறிக்கை எடுக்கும் வேலைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை.

சுபாபேஸின் இலவசத் திட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு வாரம் பயன்பாடே இல்லாவிட்டால் உங்கள் ப்ராஜெக்ட் நிறுத்திவைக்கப்படும். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றதுபோல் இன்னொரு முறை நின்றால், உங்கள் தரவுத்தளமும் சேர்ந்து நிற்கும். டாஷ்போர்டில் சென்று மீண்டும் எழுப்பிவிடலாம் என்றாலும், உண்மையான கணக்கு ஏறத் தொடங்கியதும் கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடச் சொல்லுங்கள். காப்புப்பிரதியும் அப்போதுதான் முறையாகக் கிடைக்கும்.

பல்லடம் பாவு

எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸுக்கு மாற்ற முடிவு செய்துவிட்டேன். ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. பல தறிக்கூடங்கள் தகரக் கூரை போட்டவை; உள்ளே போனால் சிக்னல் அறவே இருக்காது. மேற்பார்வையாளர் உள்ளே நின்றுதான் பதிய வேண்டும்.

காங்கேயம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்துக்காகவே எழுதுகிறேன். கொப்பரைக் களங்களுக்கான செயலி ஒன்றில் இதே நிலையைக் கையாண்டிருக்கிறோம்.

செயலியின் திரை ஒருபோதும் மேகத் தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மேற்பார்வையாளர் ‘பதிவு செய்’ என்று அழுத்தியதும் அது கைப்பேசியிலுள்ள சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட்டில் எழுதப்பட வேண்டும்; ஃபிளட்டரில் ட்ரிஃப்ட் அல்லது எஸ்க்யூஃப்லைட் தொகுப்பு போதும். அதே டிரான்சாக்‌ஷனில் ‘அனுப்ப வேண்டியவை’ என்ற இன்னொரு அட்டவணையிலும் ஒரு வரி ஏற வேண்டும்; ஏறினால் இரண்டும் ஏறும், இல்லாவிட்டால் இரண்டுமே ஏறாது. வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும், அந்த வரிகள் வந்த முறைப்படி ஒவ்வொன்றாக ஏபிஐக்குப் போகும். சிக்னல் இருக்கிறதா என்று அறிய கனெக்டிவிட்டி பிளஸ் தொகுப்பை நம்பாதீர்கள். வைஃபையோ மொபைல் டேட்டாவோ இணைந்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், இணையம் வருகிறதா என்று சொல்லாது. அனுப்பிப் பார்ப்பதுதான் சோதனை.

இங்கே விளையும் பெரிய கேடு இரட்டைப் பதிவு. ‘480 மீட்டர் வரவு’ என்ற வரி சர்வரில் ஏறிவிட்டது. பதில் திரும்பும் வழியில் சிக்னல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு அது தோல்வி, மீண்டும் அனுப்பும், கணக்கில் 960 ஆகிவிடும். இதைத் தவிர்க்க, பதிவுக்கான அடையாள எண்ணைச் சர்வரிடம் கேட்காமல் கைப்பேசியிலேயே யூயூஐடியாக (வேறெங்கும் திரும்ப வராதபடி உருவாகும் அடையாளம்) உருவாக்கி, அதையே முதன்மைச் சாவியாக வைத்து, ‘ஆன் கான்ஃப்லிக்ட் டூ நத்திங்’ என்று சேருங்கள். அதே வரி எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் ஏறும்.

அடுத்தது, மீதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். நிகழ்வை மட்டும் அனுப்புங்கள். ‘இந்தக் கூடத்தில் இனி 3 பாவு இருக்கிறது’ என்று இரண்டு கைப்பேசிகள் எழுதினால், கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிடும். ‘2 பாவு போனது’, ‘ஒரு பாவு முடிந்தது’ என்று தனித்தனி வரிகளாக ஏறினால், எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். தறிக்கூடத்தில் சொன்ன மீட்டரும் கிடங்கில் மடித்து அளந்த மீட்டரும் ஒத்துப்போகாத நாள்கள் இருக்குமல்லவா? அப்போது முதல் வரியைத் திருத்தாமல் வேறுபாட்டை இன்னொரு வரியாகச் சேருங்கள். நேரத்தையும் இரண்டாக வையுங்கள்: கைப்பேசி சொன்ன நேரம் ஒன்று, சர்வரில் ஏறிய நேரம் ஒன்று. கடிகாரம் தவறாக ஓடும் கைப்பேசிகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

நொய்யல்கரை

காங்கேயத்தார் சொன்னதுடன் இன்னொன்று. உள்நுழைவு டோக்கன் (உள்நுழைந்தவர் என்று காட்டச் செயலி வைத்திருக்கும் சான்று) குறுகிய காலத்தில் காலாவதியாகும். சுபாபேஸில் இயல்பாக ஒரு மணி நேரம். சிக்னல் இல்லாத இடத்தில் அதைப் புதுப்பிக்க முடியாமல் போனால், பயனரை வெளியேற்றி உள்நுழைவுத் திரையைக் காட்டும் தவறைப் பல செயலிகள் செய்கின்றன. வலையமைப்பு இல்லாததால் வந்த தோல்வி வேறு, சர்வரே ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று 401 சொல்வது வேறு. முன்னதில் பயனர் தொடர்ந்து பதியலாம். பின்னதில்தான் வெளியேற்ற வேண்டும். அப்போதும் அனுப்பாமல் கிடக்கும் வரிகளை அழித்துவிடாதீர்கள்.

பல்லடம் பாவு

உள்நுழைவுக்குக் கைப்பேசி எண்ணும் ஓடிபியும் வைக்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

மஞ்சள் மாநகர்

இந்தியாவில் அப்படிக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி, டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் பதிய வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம் வேறு. மேற்பார்வையாளர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களே என்பதால், உரிமையாளர் உருவாக்கிக் கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இப்போதைக்குப் போதும். ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மட்டும் முடக்கலாம்.

நீங்களே ஏபிஐ எழுதிக் கணினியில் சோதிப்பதானால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்குள்ளிருந்து (கணினியில் ஓடும் போலிக் கைப்பேசி) லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது எமுலேட்டரையே குறிக்கும், உங்கள் கணினிக்கு 10.0.2.2 என்று எழுத வேண்டும்.

பல்லடம் பாவு

ஏற்கெனவே சில வாரக் கணக்கு அட்லஸில் ஏறியிருக்கிறது. அதை மாற்றும்வரை பழைய செயலியும் ஓட வேண்டும் என்கிறார் உரிமையாளர். என்ன செய்யலாம்?

ஆனைமலை அடிவாரம்

இரண்டும் சேர்ந்து ஓடினால் எந்தக் கணக்கு உண்மை என்ற கேள்வி வரும். வாரக் கூலிக் கணக்கை முடித்த மாலையில் அட்லஸிலிருந்து எல்லாவற்றையும் ஜேசான் வடிவக் கோப்பாக எடுத்துப் போஸ்ட்கிரெஸில் ஏற்றி, கூடம் கூடமாக மீட்டர் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் அன்றிரவே புதிய ஏபிகேயை அனுப்பிவிட்டு, அட்லஸில் அந்தத் தரவுத்தளப் பயனரை நீக்கி, 0.0.0.0/0 வரியையும் எடுத்துவிடுங்கள். பழைய ஏபிகே வைத்திருப்பவருக்குத் திங்கள் காலை பதிவு ஏறாது. உடனே உங்களைத்தான் அழைப்பார். புதியதை ஏற்றாதவர் யார் என்பதும் அப்படியே தெரிந்துவிடும்.